“ஏன் இந்தக் கல்லூரி?” என்று கேட்டால்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் நமது லயங்களில் ஒரு ஓட்டம் தொடங்கிவிடும். வர்த்தமானியைத் தேட வேண்டும், கிராம உத்தியோகத்தரைக் கண்டு கையொப்பம் வாங்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால் அதைத் திருத்த ஓட வேண்டும். அம்மா ஒரு நாள் பேரை விட்டுவிட்டுக் கூட வர வேண்டும். இவ்வளவு அலைச்சலுக்கும் நடுவில் ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. சில படிவங்களில் அது எழுத்தில் இருக்கும். மற்ற இடங்களில் நேர்முகப் பரீட்சையில் வாயால் கேட்பார்கள். “நீர் ஏன் இந்தக் கல்லூரிக்கு வர விரும்புகிறீர்?”

(“நீர்” என்று கேட்டால் மனம் நோகாதீர்கள். நம்ம பக்கம் அது கொஞ்சம் கடுமையாகக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்கள் மாணவர்களைச் சாதாரணமாக அப்படித்தான் அழைப்பார்கள்.)

இந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது? “சிறு வயது முதலே சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது எனது இலட்சியமாகும்.” நாலு பிள்ளைகளின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாலிலும் இதே வசனம்தான். முன்பு போன ஒரு அண்ணன் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். அது பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தை தாதியர் பாடசாலைக்கும் அனுப்பலாம், தொழில்நுட்பக் கல்லூரிக்கும் அனுப்பலாம், பொலிஸ் வேலைக்கும் அனுப்பலாம். கேட்டவர்கள் “இந்த” என்ற ஒரு சொல்லைப் போட்டுத்தான் கேட்டார்கள். பதிலில் அந்தச் சொல்லுக்கு ஒன்றுமே இல்லை.

இதைப் பற்றி யோசிக்க இந்த முறை யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பக்கம் போய் வருவோம். அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம பிள்ளைகள் சிலர் இப்போது படிக்கப் போவதே அந்தப் பக்கம்தான். கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் மானிப்பாயிலிருந்து சில மைல்தான். இன்னொரு காரணமும் உண்டு. “நீ எதற்காகப் படிக்க வருகிறாய்?” என்ற கேள்வி அந்த வட்டாரத்தில் ஒரு கல்லூரியை மூட வைத்திருக்கிறது. ஒரு வகுப்பின் மொழியையே மாற்றியும் இருக்கிறது.

முதலில் மூடிய கல்லூரி. மானிப்பாய்க்குக் கிட்ட உள்ள வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு செமினரி தொடங்கினார்கள். ஊர்ப் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஆரம்பத்தில் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், தமிழ் இலக்கணம் என்று அந்தக் காலத்தில் இலங்கையில் கிடைக்காத படிப்பு. மிஷன் எதிர்பார்த்தது போதகர்களையும் கிறிஸ்தவ ஆசிரியர்களையும். பிள்ளைகளும் பெற்றோரும் எதிர்பார்த்தது ஆங்கிலம், அதைக் கொண்டு அரசாங்க உத்தியோகம். இரண்டு பக்கமும் ஒரே கட்டடத்துக்குள் இருந்துகொண்டு வேறு வேறு எண்ணத்தில் இருந்தார்கள். கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு தூதுக்குழு வந்து பார்த்தது. இவ்வளவு ஆங்கிலம் எதற்கு, இது உத்தியோகத்துக்கு ஆள் தயார் பண்ணும் இடமாகிவிட்டதே என்று முடிவெடுத்தார்கள். 1855இல் செமினரி மூடப்பட்டது.

உத்தியோகத்துக்காக வந்தார்கள் என்று குறை சொல்லப்பட்ட அந்த மாணவர்களில் இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பட்டதாரிகள் அவர்கள்தான். தாமோதரம்பிள்ளை நல்ல உத்தியோகமும் பார்த்தார், அதே கையால் பழைய ஏடுகளைத் தேடிப் பிடித்துக் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார். உத்தியோகத்தை நினைத்துப் படிக்கிற பிள்ளை வேறொன்றுக்கும் உதவாது என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டலாம்.

இனி மானிப்பாய். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848இல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு தொடங்கினார். (அதே 1848இல்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆகவே அன்றைய பெற்றோருக்கும் “எந்தப் பள்ளிக்கூடம், ஏன்?” என்ற தலையிடி இருந்திருக்கும்.) கிறீனின் வகுப்பு முதலில் ஆங்கிலத்தில்தான் நடந்தது. புத்தகம் ஆங்கிலம், விளக்கம் ஆங்கிலம்.

ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்களை அரசாங்க வேலையும் வெளியூர்ச் சம்பளமும் இழுத்தன. ஊரில் காய்ச்சல்காரனும் பிள்ளைத்தாய்ச்சியும் அப்படியே இருந்தார்கள். கிறீன் யோசித்தார். இந்தப் பிள்ளைகள் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்க்க வேண்டுமானால் ஊரின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்த பிறகு தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

சொல்லுவது சுலபம். நரம்புக்கும் நாளத்துக்கும், அறுவைக்கும் மருந்துக் கலவைக்கும் அந்தப் படிப்பிற்கேற்ற தமிழ்ச் சொல் வேண்டுமே. கிறீனும் அவரிடம் படித்த மாணவர்கள் சிலரும் சேர்ந்து சொற்களைத் தேடினார்கள், இல்லாத இடத்தில் புதிதாக ஆக்கினார்கள். மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் வரி வரியாகப் பார்த்துத் திருத்துவார். “இரண வைத்தியம்” 1867இல் வந்தது. உடலின் அமைப்பைச் சொல்லும் “மனுஷ அங்காதிபாதம்” 1872இல் வந்தது. எல்லாமாக 4,000 பக்கத்துக்கு மேல். அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். 1873இல் அவர் ஊர் திரும்பினார், 1884இல் காலமானார். அவர் போனபின் தமிழ் வழி மருத்துவப் படிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் நடந்தது, காலமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. மானிப்பாயில் இன்றும் அவர் பெயரில் வைத்தியசாலை இருக்கிறது.

கிறீனின் உழைப்பை நாம் மதிக்கிறோம். தமிழில் விஞ்ஞானம் படித்த எவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் நம் மனம் பாதி அவரோடும் பாதி அந்த மாணவர்களோடும் நிற்கிறது. பிள்ளை வெளியே போய்விடும் என்று பயந்து படிப்பின் வழியை ஒடுக்கினால் அது சரியா? இதைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்ற காலத்தை நம்ம தாத்தா அம்மாயி பார்த்திருக்கிறார்கள். “படிச்சா மலைக்கு வரமாட்டான்” என்று சொன்ன வாய்களையும் பார்த்திருக்கிறார்கள். கிறீனின் நோக்கம் அதுவல்ல. அவர் நினைத்தது நோயாளியைப் பற்றி. ஆனால் படிக்கிற பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவனுக்கும் ஒரு வீடு உண்டு, கடன் உண்டு, ஆசை உண்டு.

ஆகவே நாம் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதுதான். சம்பளம் வேண்டும் என்பது வெட்கப்படுகிற காரணம் அல்ல. லயக் காம்பராவை விட்டு வெளியே வர வேண்டும் என்பதும் அல்ல. அதை மறைக்கப் போய்த்தான் “சமூக சேவை இலட்சியம்” என்ற வசனத்துக்குப் பின்னால் ஒளிகிறோம். நேர்முகப் பரீட்சையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் சம்பளம் வாங்குகிறவர்கள்தானே, அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் சம்பளம் மட்டும் காரணமென்றால் எந்தக் கல்லூரியும் சரி. அவர்கள் அறிய விரும்புவது, இந்த இடத்தில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, இடையில் விட்டுவிட்டுப் போகுமா, படித்து முடித்து எங்கே போய் நிற்கப் போகிறது என்பதை. கிறீனும் 150 வருடத்துக்கு முன் அதைத்தான் அறிய விரும்பினார்.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளை, உயர்தரம் முடித்தது, ஆரம்பக் கல்வி படித்து ஆசிரியையாக வேண்டும் என்கிறது. கல்வியியற் கல்லூரி என்றால் இதுவரை உள்ள வழமைப்படி இரண்டு வருடம் உள்ளே தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி. பிள்ளைக்குக் கிட்ட பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது. ஆனால் கோப்பாய்க்குப் போக ஆசைப்படுகிறது. அது முதலில் எழுதியது:

“யாழ்ப்பாணம் கல்விக்குப் பெயர் போன இடமாகும். அங்கு சென்று கல்வி கற்றுச் சிறந்த ஆசிரியையாகி மலையகச் சமூகத்தை உயர்த்துவதே எனது இலட்சியம்.”

வசனம் அழகுதான். ஆனால் பெயர் போன இடம் என்பது ஊருக்குச் சொல்லும் புகழ், பிள்ளையின் காரணம் இல்லை. நாம் பக்கத்தில் இருந்தால் என்ன கேட்டிருப்போம்? நீ யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறாயா? சொல்லிக்கொடுக்கையில் எங்கே தட்டுப்பட்டது? கிட்ட இருக்கிற கல்லூரியை விட்டு ஏன் தூரப் போகிறாய்? கிளிநொச்சியில் மாமா வீடு இருப்பது காரணமா? (1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் அநேகம். அங்கே உறவு இருப்பது நல்ல காரணம்தான், தயங்காமல் சொல்லலாம்.) முடித்த பிறகு எங்கே வேலை செய்ய விருப்பம்? இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதினால் அந்தப் பிள்ளை இரண்டாம் முறை இப்படி எழுதக்கூடும்:

“நான் படித்த பாடசாலையில் நாலாம் தரமும் ஐந்தாம் தரமும் ஒரே அறையில் இருந்தன. டீச்சர் ஒரு பக்கம் கணக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் வாசிக்க வைப்பார். இப்போது பின்னேரங்களில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேருக்கு எவ்வளவு சொன்னாலும் எழுத்துப் பிடிபடவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆரம்பக் கல்வி படிக்க விரும்புகிறேன். பத்தனை எனக்குக் கிட்ட. ஆனால் நான் பிறந்ததும் படித்ததும் ஒரே மலையில்தான். வேறு ஊர்ப் பிள்ளைகளோடு தங்கி, வேறு பாடசாலைகளில் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்த்து வர விரும்புகிறேன். எனது மாமா குடும்பம் கிளிநொச்சியில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் எங்கள் மாவட்டத்திலேயே நியமனம் கேட்பேன். எனது சம்பளம் எங்கள் வீட்டுக்குத் தேவை.”

இலட்சியம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ஆனால் வாசிக்கிறவர் இந்தப் பிள்ளையைப் பார்த்தது போல உணர்வார். “அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை” என்று எழுதியதைச் சிலர் வெட்டச் சொல்லுவார்கள். நாம் வெட்டமாட்டோம். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே கல்லூரிக்குப் போவது? நேர்முகத்தில் கேட்கப்போகும் அடுத்த கேள்வியும் அங்கிருந்துதான் வரும், அதற்குப் பிள்ளையிடம் சொந்தப் பதில் இருக்கும். கடன் வாங்கிய வசனத்தைத் தொடர்ந்து ஒரு கேள்வி வந்தால் வாய் அடைத்துவிடும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எந்தப் பாடநெறி எந்தக் கல்லூரியில், எந்த மாவட்டத்தாருக்கு என்பது வர்த்தமானியில் இருக்கும், வருடத்துக்கு வருடம் மாறவும் கூடும். அதைப் பார்க்காமல் ஆசைப்பட்டு எழுதிவிட்டு, அந்தப் பாடமே அங்கில்லை என்று நேர்முகத்தில் தெரிய வந்தால் பெரிய சங்கடம். மற்றது, கல்லூரியைப் புகழ வேண்டாம். அவர்களுக்கு அவர்களுடைய கட்டடம் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், “எங்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லையே, இசட் புள்ளிதானே தீர்மானிக்கிறது?” என்பார்கள். சரிதான். பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப ஒழுங்கில் எழுதச் சொல்லுகிறார்களே, அதுவும் இதே கேள்விதான். கடையில் இருக்கும் பையன் கணினியில் தட்டித் தரும் ஒழுங்கிலேயே அனுப்பிவிட்டு, பிறகு மூன்று நாலு வருடம் அழுகிற பிள்ளைகள் உண்டு. சித்த மருத்துவம் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்காகக் கைதடியிலும் படிக்கலாம், திருகோணமலையிலும் படிக்கலாம். எதை முதலில் எழுதுவாய், ஏன்? தோட்டத்தில் காமன் கூத்தில் ஆடி வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகவே இருப்பது தெரியுமா? ரதியும் மதனும் ஆடியதையும் தப்படியையும் அறிந்த பிள்ளை அந்த வகுப்பில் வெறுங்கையோடு போய் உட்காராது. படிவம் நிரப்ப முதல் நாள் இரவு, தனக்காக மட்டும் ஒரு பந்தி எழுதிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஒழுங்கை நிரப்பட்டும்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் சேரும் பிள்ளைகள் நெடுங்காலம் தம்மைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. உதவி செய்ய ஆள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சுலபம், மற்றவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஆகவே 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாக மாற்றினார்கள். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், பள்ளிப் படிப்பு அதற்கு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். லயத்தில் ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த மூன்றாம் கேள்விக்கு நல்ல பதில். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டதும், கோயில் கமிட்டிக் கணக்கு எழுதியதும், அம்மாவின் சம்பளத் துண்டை வாசித்துக் கூட்டிப் பார்த்ததும் அப்படித்தான். நம்ம பிள்ளைகள் இவற்றை “ஒன்றுமில்லை” என்று விட்டுவிடுகிறார்கள்.

பேச்சைப் பற்றியும் ஒன்று. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பிள்ளைகள் மனசில் ஒரு பயம் இருக்கும். நம்ம பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்களோ? தோட்டத்து ஆள் என்று ஒரு மாதிரிப் பார்ப்பாங்களோ? அப்படி நடந்ததே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். மனம் நொந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள், அங்கேயே நல்ல சிநேகிதம் கிடைத்து இன்றும் கடிதம், போன் என்று பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். நாம் “பேசுவோம்”, அவர்கள் “கதைப்பார்கள்”. நாம் “வாங்க” என்போம், அவர்கள் “வாங்கோ” என்பார்கள். நேர்முகத்துக்காக அவர்களுடைய பேச்சைப் பழகி நடிக்கத் தேவையில்லை. சொல்லைத் தெளிவாக, மெதுவாகச் சொன்னால் போதும்.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நேர்முகப் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்கு வீட்டில் ஒரு நேர்முகம் நடக்கிறது. “பொம்பளப் புள்ளய அவ்வளவு தூரம் எதுக்கு அனுப்பணும்?” இந்தக் கேள்வி புதிதல்ல. மானிப்பாய்க்குப் பக்கத்து ஊரான உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கியபோது, பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று அந்த ஊரார் கேட்டார்கள். உங்கள் பயம் நியாயமானது. விடுதி எப்படி, யார் பொறுப்பு, லீவுக்கு எப்படி வரும், மாதம் என்ன செலவு, இதையெல்லாம் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லட்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புரிகிற மாதிரி ஒரு பிள்ளை தன் காரணத்தைச் சொல்லிவிட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று பேருக்குச் சொல்வது கஷ்டமாக இராது. எழுதிய பந்தியை வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்குத் தடுக்கிறதோ அந்த வசனம் பெரும்பாலும் பிள்ளையுடையதாக இராது.

இந்த வருடம் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் பத்து வரிக்குள் ஒரு பந்தி எழுதி, உங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரிடம் கொடுத்தால் அவர் நமக்கு அனுப்பி வைப்பார். பெயரும் தோட்டமும் போடாமல் இரண்டு மூன்றை அடுத்த இதழில் எடுத்து, எங்கே மாற்றலாம் என்று பார்ப்போம். விண்ணப்ப முடிவுத் திகதி கிட்ட இருக்கிறவர்கள் இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம், பாடசாலைச் சேரிடமோ டீச்சரிடமோ உடனே காட்டுங்கள்.